ஆங்கில 'டேக்'கைத் துருக்கியில் சொல்வது எப்படி: தமிழ் வழியே ஒரு கையேடு

'டேக்' என்ற ஒரே வினையை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் மாத்திரை, பஸ், பரீட்சை, போட்டோ, முடிவு, இடைவேளை என்று எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். துருக்கியில் அது நடக்காது. அங்கே மாத்திரையைக் குடிக்க வேண்டும், பஸ்ஸுக்கு ஏற வேண்டும், பரீட்சைக்குள் நுழைய வேண்டும், போட்டோவை இழுக்க வேண்டும், முடிவைக் கொடுக்க வேண்டும். ஆங்கிலம்–துருக்கி அகராதியைத் திறந்தால் முதலில் வந்து நிற்பது 'அல்மக்'. எல்லா இடத்திலும் அதையே போட்டால் பாதி வாக்கியங்கள் தப்பாகப் போகும்.

சென்னையில் துருக்கி படிப்பவர்கள் பலரும் ஆங்கிலப் பாடநூல் வழியாகத்தான் படிக்கிறார்கள். துருக்கிச் சீரியலுக்குத் தமிழில் வசனமோ சப்டைட்டிலோ எழுதுகிறவர்கள் கைக்கும் பெரும்பாலும் ஆங்கிலப் பிரதிதான் வருகிறது. இரண்டு வேலையிலும் நடுவில் இந்த 'டேக்' வந்து நிற்கும். அதைத் தாண்ட நல்ல வழி, ஆங்கில வாக்கியத்தை முதலில் வீட்டில் பேசுகிற தமிழில் சொல்லிப் பார்ப்பது. எழுத்துத் தமிழில் அல்ல, பேசுகிற தமிழில். அங்கே வந்து விழும் வினைதான் துருக்கி வினைக்குப் பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும்.

இதற்குக் காரணம் உண்டு. இரண்டு மொழியிலும் வினை கடைசியில் வரும், வேற்றுமை உருபு பெயரின் பின்னால் ஒட்டும், எச்சங்களை அடுக்கி வாக்கியம் நீளும். மெரினாவில் சிலையாக நிற்கிற கால்டுவெல் 1856-ல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே, துருக்கியும் அடங்கிய 'சித்திய' மொழிகளோடு திராவிட மொழிகளைச் சேர்த்துப் பேசினார். அந்த உறவு நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அமைப்பு ஒற்றுமை கண்ணெதிரே இருக்கிறது, படிக்கிறவருக்கு அது போதும்.

முதலில் உச்சரிப்பு

துருக்கி 1928 முதல் லத்தீன் எழுத்தில் எழுதப்படுகிறது. மொத்தம் 29 எழுத்து, அதில் 8 உயிர். சி என்ற எழுத்தை ஜகரமாகவும், அடியில் வால் வைத்த சி-யைச் சகரமாகவும், வால் வைத்த எஸ்ஸை ஷகரமாகவும் படிக்க வேண்டும். மேலே பிறை வைத்த ஜி தனியாக ஒலிக்காது, பெரும்பாலும் முன்னால் இருக்கும் உயிரைக் கொஞ்சம் நீட்டும். மேலே புள்ளியில்லாத ஐ பல மாணவர்களைத் திணற வைக்கும். தமிழர்களுக்கு அது சொந்த வீட்டு ஒலி: 'காது', 'பாக்கு' என்று பேச்சில் சொல்லும்போது உதடு குவியாமல் கடைசியில் வருகிறதே, அந்தக் குற்றியலுகரம்தான். 'எடுத்தான்' என்பதற்கான 'அல்து' அந்த ஒலியில்தான் முடிகிறது. உதட்டைக் குவித்து 'அல்தூ' என்று சொன்னால் தப்பு.

இரட்டைப் புள்ளி வைத்த உயிர்கள் தமிழில் இல்லை. 'இ' சொல்கிற நாக்கு நிலையை மாற்றாமல் உதட்டை மட்டும் 'உ' போலக் குவித்தால் ஒன்று வரும், 'எ' வைத்து உதட்டை 'ஒ' போலக் குவித்தால் மற்றது வரும். கீழே 'ஸுர்மெக்', 'கொத்துர்மெக்', 'ஒல்ச்மெக்' ஆகியவற்றில் வருவன இவையே. ச எழுதிய இடத்தில் 'பச்சை'யின் ச்ச ஒலி, ஸ எழுதிய இடத்தில் சில சொற்களில் இசட் ஒலி. கொத்துர்மெக், கெத்திர்மெக், கிர்மெக், பின்மெக், பக்மக் ஆகியவற்றின் முதல் எழுத்தை 'கங்கை'யின் இரண்டாம் ககரம் போலவும் 'பம்பரம்' என்பதன் இரண்டாம் பகரம் போலவும் அதிர்த்துச் சொல்லுங்கள். தமிழெழுத்தில் இதற்கு மேல் துல்லியம் வராது என்பதால் எழுத்துக்கூட்டலை அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அல்மக்: எடு, வாங்கு, பெறு

ஆங்கிலத்தில் மூன்று நான்கு வினைக்குப் பிரிந்து கிடப்பதை இது ஒன்றே சுமக்கிறது. நம் 'வாங்கு'வும் அப்படித்தான். கடையில் வாங்குவதும் வாங்குதல், ஒருவர் கையிலிருந்து பெறுவதும் வாங்குதல். அதனால் 'வாங்கு' வரும் தமிழ்த் தொடர்களை அப்படியே மாற்றினால் பெரும்பாலும் சரியாக இருக்கும். கடன் வாங்கு: 'பொர்ச் அல்மக்'. அனுமதி வாங்கு: 'இஸின் அல்மக்'. டாக்டரிடம் நேரம் வாங்கு: 'ரன்தெவு அல்மக்'. பழி வாங்கு: 'இன்திக்காம் அல்மக்'. கடைசித் தொடர் சீரியலில் அடிக்கடி காதில் விழும். ஆங்கிலப் பிரதியில் அது எந்த வடிவில் வந்தாலும் தமிழில் 'பழி வாங்கு' என்று எழுதிவிட்டுப் போகலாம், மூலத்தோடு அச்சாகப் பொருந்தும்.

'எடு'வும் நிறைய இடத்தில் நேராகவே போகும். குறிப்பு எடு: 'நொத் அல்மக்'. தையல்காரர் அளவு எடுப்பது: 'ஒல்சு அல்மக்'. லீவு எடு என்பதற்கும் 'இஸின் அல்மக்'தான், ஏனென்றால் 'இஸின்' அனுமதிக்கும் விடுப்புக்கும் பொது. எது என்று சூழல்தான் சொல்லும். அலுவலகக் காட்சி என்றால் லீவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தி.நகரில் 'தீபாவளிக்குத் துணி எடுத்தாச்சா?' என்று கேட்கிற 'எடு', விலைக்கு வாங்குவது. துருக்கியிலும் பெருநாள் துணிக்கு 'பய்ராம்லுக்' என்று தனிச்சொல் இருக்கிறது, அதை 'அல்மக்'தான் செய்வார்கள். கடையில் ஒன்றைத் தேர்ந்துவிட்டு 'இதை எடுத்துக்கறேன்' என்று சொல்ல 'புனு அலயும்' போதும். விலைக்கு வாங்குவதை அழுத்திச் சொல்ல வேண்டுமானால் 'ஸாதுன் அல்மக்' என்று இருக்கிறது. ஒப்பந்தத்திலும் ரசீதிலும் அதைப் போடுங்கள், பேச்சில் வேண்டாம்.

கல்யாணப் பேச்சில் பொருத்தம் இன்னும் நெருக்கம். பெண் கேட்பது 'குஸ் இஸ்தெமெக்', பெண் கொடுப்பது 'குஸ் வெர்மெக்', பெண் எடுப்பது 'குஸ் அல்மக்'. பெண் கேட்டு வருகிறவர்களுக்கு அந்தப் பெண்ணே காபி போட்டுக் கொண்டுவந்து கொடுப்பது துருக்கி வழக்கம். மாப்பிள்ளையின் கோப்பையில் உப்பைப் போட்டுச் சோதிப்பதும் உண்டு. ஆங்கிலப் பிரதியில் 'கையைக் கேட்டு வந்தார்கள்' என்ற பொருளில் ஏதாவது இருந்தால் அதைப் பிடித்துத் தொங்காதீர்கள். 'பெண் கேட்டு வந்திருக்காங்க' என்பதுதான் மூலம்.

கொண்டு போவதும் கூட்டிப் போவதும்

ஓரிடத்துக்கு எடுத்துப் போகிற 'டேக்' என்றால் 'கொத்துர்மெக்', அங்கிருந்து இங்கே கொண்டு வருவது 'கெத்திர்மெக்'. போ, வா வித்தியாசம் நமக்கு ரத்தத்தில் ஊறியது, குழப்பம் வராது. 'எடுத்துக்கொண்டு போனான்' என்பதை 'அலுப் கொத்துர்து' என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாம். 'அலுப்' என்பது நம் 'எடுத்து' என்ற வினையெச்சம் செய்யும் வேலையையே செய்கிறது.

சிக்கல் துருக்கியிலிருந்து தமிழுக்கு வரும்போது. பையைக் கொண்டு போவதற்கும் பையனைக் கூட்டிப் போவதற்கும் அங்கே வினை ஒன்றுதான். போதாததற்கு அவன், அவள், அவர், அது எல்லாவற்றுக்கும் சேர்த்து 'ஒ' என்ற ஒரே பிரதிப்பெயர். 'ஒனு ஹஸ்தானெயெ கொத்துர்தும்' என்று ஒரு வசனம் வந்தால், ஆஸ்பத்திரிக்குப் போனது அப்பாவா, தங்கையா, சாப்பாட்டுத் தூக்கா என்று அந்த வரியில் தெரியாது. நாம் 'அவரை', 'அவளை', 'அதை' என்று ஒன்றைப் போட்டே ஆக வேண்டும், 'கூட்டிப் போனேன்', 'கொண்டு போனேன்' இரண்டில் ஒன்றையும் தேர்ந்தாக வேண்டும். முந்தைய பத்து வரியைப் படிக்காமல் இந்த வரியைத் தொடாதீர்கள்.

பிடிப்பது

'துத்மக்' என்றால் பிடி. சென்னைத் தமிழர்களுக்கு இந்தச் சொல் வரப்பிரசாதம். ஆட்டோ பிடிப்பது போல டாக்ஸி பிடிப்பது 'தக்ஸி துத்மக்'. வாடகைக்கு வீடு பிடிப்பது 'எவ் துத்மக்'. மீன் பிடிப்பது 'பலுக் துத்மக்'. நோன்பு பிடிப்பது 'ஒருச் துத்மக்'. நான்கிலும் நம் வினையும் அவர்கள் வினையும் ஒன்று. ஆங்கிலத்தில் இந்த நான்குக்கும் ஒரே வினை கிடைக்காது.

'பஸ் பிடிக்கணும்' என்பதில் மட்டும் சறுக்கும். நேரத்துக்குப் போய்ச் சேர்ந்து பிடிப்பது 'யெத்திஷ்மெக்', அதாவது எட்டுவது. ஏறிப் பயணம் செய்வது 'பின்மெக்'. இரண்டும் நான்காம் வேற்றுமை கேட்கும்: 'ஒத்தொபுஸெ பின்மெக்', சொல்லுக்குச் சொல் 'பஸ்ஸுக்கு ஏறு'. 29சி-யில் ஏறினேன் என்று நாம் 'இல்' போடுவதால், தமிழர் வாயில் 'ஒத்தொபுஸ்தெ' என்று இடப்பொருள் உருபு தானாக வந்துவிடும். அப்படிச் சொன்னால் பஸ்ஸுக்குள் இருந்துகொண்டு வேறு எதிலோ ஏறியது போல ஆகிவிடும். அந்தப் பஸ் கிளம்புவதும் விமானம் மேலே எழும்புவதும் 'கல்க்மக்'. படுக்கையிலிருந்து எழுந்திருப்பதற்கும் இதே சொல்.

இழுப்பது, அதைவிட முக்கியமாக இழுக்க வைப்பது

போட்டோ எடுப்பது 'ஃபொத்தோரஃப் செக்மெக்'. 'செக்மெக்' என்றால் இழு. 'ஃபொத்தோரஃப் அல்மக்' என்றால் கேட்பவர் நீங்கள் போட்டோவை விலைக்கு வாங்கியதாகவோ கையில் பெற்றதாகவோதான் நினைப்பார். கோடம்பாக்கத்தில் சினிமாப் படம் எடுப்பதும் 'ஃபில்ம் செக்மெக்'. ஏடிஎம்மில் பணம் எடுப்பது 'பர செக்மெக்', வங்கியில் கடன் எடுப்பது 'க்ரெதி செக்மெக்'. அப்பாவைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்பதற்குக்கூட 'பபஸுன செக்மிஷ்' என்பார்கள்.

தமிழர்கள் அதிகம் தவறுகிற இடம் ஆஸ்பத்திரி. எக்ஸ்ரே அறைக்குப் போய் வந்த நோயாளி 'எக்ஸ்ரே எடுத்தேன்' என்பார். எடுத்தவர் டெக்னீஷியன் என்பது கேட்பவருக்குப் புரியும், யாரும் திருத்த மாட்டார்கள். துருக்கியில் 'ரொன்த்கென் செக்திம்' என்றால் நீங்கள்தான் இயந்திரத்தை இயக்கியவர். நோயாளி சொல்ல வேண்டியது 'செக்திர்திம்', அதாவது எடுக்க வைத்தேன். முடிவெட்டிக்கொண்டு வந்தவரும் 'கெஸ்திம்' என்று சொன்னால் தானே கத்திரி பிடித்து வெட்டிக்கொண்டார் என்று பொருள், 'கெஸ்திர்திம்' என்பதே சரி. பல் பிடுங்கிக்கொள்வது, ரத்த அழுத்தம் பார்த்துக்கொள்வது எல்லாம் இதே கணக்கு. தமிழில் சொல்லிப் பார்க்கும்போது 'எடுத்துக்கிட்டேன்', 'வெட்டிக்கிட்டேன்' என்று 'கொள்' போட்டுப் பாருங்கள். வேலையைச் செய்தவர் வேறொருவராக இருந்து 'கொள்' இயல்பாகப் பொருந்துகிறதென்றால், துருக்கியில் அந்த இடத்தில் 'திர்', 'துர்' அல்லது 'த்' விகுதி வேண்டும்.

ரத்தப் பரிசோதனையில் கோணம் மாறும். நர்ஸ் எடுப்பது 'கன் அல்மக்'. நோயாளி அதையே 'கன் வெர்திம்', ரத்தம் கொடுத்தேன் என்பார். அந்த வசனத்தைத் தமிழில் அப்படியே எழுதினால் ரத்த தானம் போல ஆகிவிடும். 'ரத்தம் எடுத்தாங்க' என்று திருப்புங்கள். காய்ச்சல், நாடி பார்ப்பதற்கு 'ஒல்ச்மெக்', அள.

மருந்து

மாத்திரையானாலும் சிரப்பானாலும் 'இச்மெக்', குடி. நாம் மாத்திரை சாப்பிடுகிறோம், போடுகிறோம். அதை நம்பி 'யெமெக்', சாப்பிடு என்று சொல்லிவிடாதீர்கள். 'இலாச் அல்மக்' என்பதும் வழக்கில் இருக்கிறது, ஆனால் அதற்கு மருந்து உட்கொண்டதாகவும் பொருள், மருந்து வாங்கியதாகவும் பொருள். 'எஜ்ஸானெதென்', மருந்துக்கடையிலிருந்து என்று முன்னால் இருந்தால் வாங்கியதுதான். அந்த அடையாளம் இல்லாவிட்டால் அடுத்த வரியைப் பார்த்துத்தான் முடிவு கட்ட வேண்டும். கதையில் விஷம், அளவு மீறிய மாத்திரை என்று வரும் காட்சியில் இந்த ஒரு சொல்லைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மொத்தக் காட்சியும் தப்பாகிவிடும். 'இலாச்' என்பதன் கடைசிச் சகரம் உயிரில் தொடங்கும் விகுதி ஏறும்போது ஜகரமாகும்: என் மருந்தைக் குடித்தேன், 'இலாஜுமு இச்திம்'.

மருந்துச் சீட்டில் பார்க்க வேண்டிய இரண்டு தொடர்: 'அச் கர்னுன' என்றால் வெறும் வயிற்றில், 'தொக் கர்னுன' என்றால் சாப்பிட்ட பிறகு. துருக்கியில் தங்கப் போகிறவர் இவற்றை மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

நேரம், முடிவு, பரீட்சை

தி.நகரிலிருந்து தாம்பரம் போக எவ்வளவு நேரம் ஆகும்? இந்த 'ஆகும்' துருக்கியில் 'ஸுர்மெக்', நீள்: 'நெ கதர் ஸுரெர்?' வண்டி ஓட்டுவதற்கும் களிம்பு தடவுவதற்கும் இதே வினை வரும், பயப்பட வேண்டாம். ஒரு வேலை நம் நேரத்தைத் தின்கிறது என்ற பொருளில் 'நேரம் எடுக்கும்' என்றால் மட்டும் 'ஸமான் அலுர்' என்று 'அல்மக்'குக்குத் திரும்பலாம்.

முடிவை நாம் எடுக்கிறோம், அவர்கள் கொடுக்கிறார்கள்: 'கரர் வெர்மெக்'. எதைப் பற்றிய முடிவோ அதற்கு நான்காம் உருபு: 'கித்மெயெ கரர் வெர்திம்', போவதற்கு முடிவு செய்தேன். 'கரர் அல்மக்' என்பதும் சரியான துருக்கிதான், ஆனால் அது குழுவோ நிர்வாகமோ தீர்மானம் போடுவதற்கு அதிகம் வரும். இடைவேளை விடுவதும் கொடுப்பதே: 'அர வெர்மெக்'. தொலைதூரப் பஸ் சாப்பாட்டுக்கு நிறுத்துவது 'மொல வெர்மெக்'.

பரீட்சையை நாம் எழுதுகிறோம். 'எழுது' என்பதற்கான 'யஸ்மக்'கைப் போட்டால் கேள்வித்தாள் தயாரித்தவர் போல ஆகும். மாணவர் சொல்வது 'ஸுனவ கிர்மெக்', பரீட்சைக்குள் நுழை. பேச்சில் 'ஸுனவ் ஒல்மக்' என்பதும் உண்டு.

தமிழ் வழி தடுக்குகிற இடங்கள்

'எடு'வை நாமும் அளவுக்கு மேல் வேலை வாங்குகிறோம். பசி எடுக்கிறது, வாந்தி எடுக்கிறது, ஓய்வு எடு: இவை எதற்கும் 'அல்மக்' கிடையாது. முறையே 'அஜுக்மக்', 'குஸ்மக்', 'தின்லென்மெக்' என்று தனித்தனி வினைகள். 'நெஃபெஸ் அல்மக்' என்பதைப் பார்த்ததும் 'மூச்சு வாங்குகிறது' என்று எழுதத் தோன்றும். அது மூச்சிரைப்பு. துருக்கியில் இது சாதாரணமாகச் சுவாசிப்பதுதான்.

இன்னொன்று 'யெர் அல்மக்'. சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தின் 'டேக் பிளேஸ்' போலவே இருக்கும். பொருளோ 'இடம்பெறு': பட்டியலில் பெயர் இடம்பெற்றது, படத்தில் ஒரு காட்சி இடம்பெற்றது. கூட்டம் நடந்தது என்பதற்கு 'யப்புல்மக்', எதிர்பார்த்தது நடந்தேறியது என்பதற்கு 'கெர்செக்லெஷ்மெக்'.

செருப்பு, சட்டை கழற்றுவது 'சுக்கர்மக்'. பத்தில் மூன்று போனால் ஏழு என்ற கழித்தலுக்கும் அதுதான்.

அகராதியில் என்ன பார்ப்பது

1932-ல் தொடங்கிய துருக்கி மொழிக் கழகத்தின் அகராதி இணையத்தில் இலவசம். வினையைத் தேடினால் பொருளுக்குப் பக்கத்தில் சிறு குறி இருக்கும்: 'இ' என்றால் இரண்டாம் வேற்றுமை, 'எ' என்றால் நான்காவது, 'தென்' என்றால் 'இலிருந்து'. வினையை மட்டும் எழுதிக்கொள்ளாமல் இந்தக் குறியையும் சேர்த்து எழுதுங்கள். 'பயன்படுத்திக்கொள்' என்ற பொருளில் வரும் 'யரர்லன்மக்' நாம் நினைக்கிற 'ஐ' உருபைக் கேட்காது, 'தென்' உருபின் இன்னொரு வடிவமான 'தன்' கேட்கும். குறி இல்லாமல் மனப்பாடம் செய்த வினை பேசும்போது கைகொடுக்காது.

வழக்கமாக நடப்பதைச் சொல்லும் காலத்தில் 'செக்கெர்', 'துதர்', 'பினெர்' என்று ஓரசை வினைகள் பெரும்பாலும் 'எர்', 'அர்' ஏற்கும். 'அல்மக்', 'வெர்மெக்' உட்பட 13 வினைகள் மட்டும் விலக்கு: 'அலர்' அல்ல, 'அலுர்', 'வெரெர்' அல்ல, 'வெரிர்'. எல்லாமே அன்றாடம் புழங்கும் வினைகள், பட்டியலாக எழுதி மேசைமேல் ஒட்டிவைக்கலாம்.

பணிவாக ஒன்றைக் கேட்பதற்கும் இந்தக் காலமே: 'ஃபொத்தோரஃபுமுஸு செக்கெர் மிஸினிஸ்?' எங்களை ஒரு போட்டோ எடுக்கிறீங்களா? வழிப்போக்கரிடம் இப்படித்தான் கேட்க வேண்டும்.

விடைபெறும்போது சொல்கிற 'டேக் கேர்' அங்கே 'கெந்தினெ இயி பக்': 'பக்மக்' என்றால் பார். 'உடம்பைப் பார்த்துக்கோ' என்கிறோமே, அதே பார்வை. பெரியவர்களிடமும் அறிமுகம் குறைந்தவர்களிடமும் 'கெந்தினிஸெ இயி பகுன்'. தட்டை நீட்டி 'எடுத்துக்கோங்க' என்று சொல்ல 'அலுன்' என்றால் கட்டளை போல ஒலிக்கக்கூடும். 'புயுருன்' என்று சொல்லுங்கள். வாங்க, உட்காருங்க, சாப்பிடுங்க, சொல்லுங்க எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். கடைக்காரர் வாசலில் நின்று சொன்னால் 'வாங்க, என்ன வேணும்?' போனை எடுத்தவர் சொன்னால் 'சொல்லுங்க'. சப்டைட்டிலில் 'தயவுசெய்து' என்று போடாமல் யார், எங்கே நின்று சொல்கிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள்.